பஞ்சாபி யார், சீக்கியர் யார், ‘பின்னால் எந்த ஊர்?’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் இருந்து நூல் வியாபாரமாக லூதியானா போனவன் நான். ஒன்பது வருஷம் அங்கே குடியிருந்தேன். நமக்குப் பனியன் எப்படியோ அவர்களுக்கு ஸ்வெட்டர் அப்படி, அதனால் இரண்டு ஊருக்கும் போக்குவரத்து எப்போதும் உண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது. சிலவற்றுக்கு நானே பல வருஷம் தப்பான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஞ்சாபி என்றாலே சீக்கியர்தானே?

இல்லை. உலகத்தில் பஞ்சாபி பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்கள் இருப்பது பாகிஸ்தானில். அங்கே 2023 கணக்கெடுப்பில் சுமார் 37 விழுக்காட்டினர் தாய்மொழி பஞ்சாபி என்று சொல்லியிருக்கிறார்கள். தலைக்கணக்கில் அது 9 கோடியை ஒட்டி வரும். இந்தியாவில் 2011 கணக்குப்படி பஞ்சாபி பேசுகிறவர்கள் 3.3 கோடி. அதே கணக்கில் இந்தியாவின் சீக்கியர் மொத்தமே 2.08 கோடிதான். பஞ்சாப் மாநிலத்துக்குள்ளேயே சீக்கியர் 58 விழுக்காட்டை ஒட்டி, இந்துக்கள் 38 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

லூதியானாவில் நான் சரக்குப் போட்ட கடைக்காரர்களில் பாதிக்கு மேல் இந்துக்களும் சமணர்களும். வீட்டில் பேச்சு பஞ்சாபி, கார் கண்ணாடியில் ‘ஜெய் மாதா தி’, செவ்வாய்க்கிழமை அனுமார் கோயில், வழியில் குருத்வாரா வந்தால் அங்கேயும் இறங்கி ஒரு கும்பிடு. “நீங்கள் பஞ்சாபியா, இந்துவா?” என்று அவர்களைக் கேட்டால் கேள்வியே புரியாது.

பஞ்சாபிக் கவிதை என்று எடுத்தால் முதலில் வருகிற பெயர் ஷேக் ஃபரீத். சூஃபி ஞானி. அவர் அடங்கிய இடம் பாக்பத்தன், இன்றைய பாகிஸ்தான். அவருடைய பாடல்கள் சீக்கியரின் வேதமான குரு கிரந்த் சாஹிபுக்குள்ளேயே இருக்கின்றன.

சரி, பஞ்சாபி பேசாத சீக்கியர் உண்டா?

உண்டு. தொடக்கத்திலேயே உண்டு. 1699-ல் ஆனந்த்பூரில் பத்தாம் குரு கோவிந்த் சிங் வாளோடு நின்று ஒரு தலை வேண்டும் என்று கேட்டபோது எழுந்து போன ஐந்து பேரைத்தான் ‘பஞ்ச் பியாரே’ என்கிறார்கள், அன்பான ஐவர். கால்சா, அதாவது தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பு, அவர்களில் தொடங்குகிறது. மரபு சொல்லும் ஊர்களைப் பாருங்கள்: லாகூர், ஹஸ்தினாபூர், ஒடிசாவின் புரி, குஜராத்தின் துவாரகை, இன்றைய கர்நாடகத்தின் பீதர். ஐந்தில் ஒன்றுதான் பஞ்சாப். தொழிலும் அப்படித்தான்: ஒருவர் வணிகச் சாதியான கத்ரி, ஒருவர் ஜாட் விவசாயி, ஒருவர் தண்ணீர் சுமந்தவர், ஒருவர் துணிக்கு அச்சுப் போட்டவர், ஒருவர் முடிதிருத்துபவர். துணிக்கு அச்சுப் போட்டவரை நான் நம்ம தொழில்காரர் என்று உரிமை கொண்டாடுவது வழக்கம். அவர் துவாரகைக்காரர்.

அந்தக் குரு பிறந்ததே பாட்னாவில், 1666-ல். மறைந்தது 1708-ல், மகாராஷ்டிரத்தின் நாந்தேடில். சீக்கியரின் ஐந்து தக்த்களில், அதாவது மத அதிகார பீடங்களில், இரண்டு அந்த இரண்டு ஊர்களில் இருக்கின்றன. நாந்தேட், ஹைதராபாத் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ‘தக்கனி’ சீக்கியர் தெலுங்கும் மராத்தியும் தக்கனி உருதுவும் பேசுவார்கள். அசாமில் நகாவ் மாவட்டத்து பர்கோலா கிராமத்துச் சீக்கியர் பேசுவது அசாமிய மொழி, தங்களை மகாராஜா ரஞ்சித் சிங் காலத்துப் படைவீரர்களின் வழி என்று சொல்லிக்கொள்கிறார்கள். காபூலிலும் ஜலாலாபாதிலும் கடை வைத்திருந்த ஆப்கன் சீக்கியருக்குப் பஷ்தோவும் தாரியும் தண்ணீர் பட்ட பாடு. 2021-க்குப் பிறகு அவர்களில் அங்கே மிச்சம் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தமிழ்நாட்டிலும் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சில தொகுதிகளில் தலைப்பாகை கட்டிய தமிழ்ச் சீக்கியர்கள் நின்றார்கள். ‘பஞ்சாபில் இருந்து இங்கே வந்து ஏன் நிற்கிறார்?’ என்று எங்கள் தெருவிலேயே ஒருவர் கேட்டார். வேட்பாளர் பேசிய தமிழ் அவருடையதைவிட நன்றாக இருந்தது.

சிங் என்று பெயர் முடிந்தால் சீக்கியரா?

கிடையாது. ராஜபுத்திரர், பிகார்க்காரர், மணிப்பூரின் மெய்தெய் மக்கள் எல்லாரிடமும் சிங் உண்டு. சீக்கிய ஆண் பெயரில் சிங் இருக்கும், பெண் பெயரில் கௌர் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் கணக்குத் தவறும்.

மலேசியாவில் ஏன் சீக்கியரை ‘வங்காளி’ என்கிறார்கள்?

ஈப்போவில் இருக்கும் என் பெரியம்மா மகன் கேட்டது. காரணம் கப்பல். 1870-களில் இருந்து பேராக்கின் போலீஸ் வேலைக்கும் காவல் வேலைக்கும் போன சீக்கியர் ஏறியது கல்கத்தா துறைமுகத்தில். வங்காளத்தில் இருந்து வந்த கப்பலில் இறங்கியவர் வங்காளி என்று மலாய்க்காரர்கள் முடிவு செய்தார்கள். அங்கே இருந்த தமிழர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சீக்கியரில் எத்தனை பேர் வங்காளத்தை ரயில் ஜன்னல் வழியாகத் தவிரப் பார்த்திருப்பார்கள்?

பஞ்சாபி தனி மொழியா, இந்தியின் வட்டார வழக்கா?

தனி மொழி. இதில் எனக்குக் கொஞ்சம் வேகம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாபிக்குச் சுருதி உண்டு. அதாவது ஒரே சொல்லைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். இந்தோ-ஆரிய மொழிகளில் இது அபூர்வம். வகுப்பில் எல்லாரும் சொல்லும் உதாரணம் ‘கோடா’. குரலை இறக்கிச் சொன்னால் குதிரை, சமமாகச் சொன்னால் சாட்டை, ஏற்றிச் சொன்னால் தொழுநோயாளி. எழுத்தில் குதிரைக்கு மூச்சுக் காற்றோடு வரும் அந்த வடமொழி நான்காவது ‘க’தான் இருக்கும். பேச்சில் காற்று போய்விட்டது, அதற்குப் பதில் குரல் இறங்குகிறது. இந்திக்காரர் தொண்டையில் இருந்து காற்றை விட்டு ‘வீடு’ என்பதற்குச் சொல்லும் சொல் பஞ்சாபியில் கிட்டத்தட்ட நம் ‘கர்’ போலவே விழும். நான்கு ‘க’ இல்லாத தமிழ்க்காரனுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சுருதி தப்பி, குதிரை வண்டி கேட்கப்போய்ச் சாட்டை வண்டி கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று, இரட்டித்த மெய். வடமொழியின் ‘சப்த’ பிராகிருதத்தில் ‘சத்த’ ஆனது. இந்தி அதை நீட்டி ‘சாத்’ ஆக்கிவிட்டது. பஞ்சாபி இன்னும் ‘சத்த்’ என்று அழுத்தித்தான் சொல்கிறது. எட்டு ‘அட்ட்’, கை ‘ஹத்த்’, காது ‘கன்ன்’, மூக்கு ‘நக்க்’. நம் காதுக்கு இது பழகிய தாளம். ளகரமும் ணகரமும்கூட உண்டு. தண்ணீர் இந்தியில் ‘பானி’, பஞ்சாபியில் ‘பாணி’, நல்ல டண்ணகர ‘ண’.

மகனைப் ‘புத்தர்’ என்பார்கள், நம் புத்திரன்தான். வீட்டுக்காரரின் அம்மா முதல் நாள் என்னைப் பார்த்து “ஆஜா புத்தர், ரொட்டி கா லை” என்றார். வா மகனே, சாப்பிடு. ரொட்டிக்காக என்னைப் புத்தர் ஆக்கிவிட்டார்களே என்று நினைத்தேன். அவரை ஊரே ‘பீஜி’ என்று கூப்பிடும். இனி அவர் இந்தப் பக்கத்தில் அடிக்கடி வருவார்.

ஒரே மொழிக்கு ஏன் இரண்டு எழுத்து?

இந்தியப் பக்கம் குர்முகி, பாகிஸ்தான் பக்கம் ஷாமுகி. குர்முகியை இன்றைய ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் இரண்டாம் குரு அங்கத், 16-ஆம் நூற்றாண்டு. அடிப்படை எழுத்து 35, அதனால் அதை ‘பைந்தி’, முப்பத்தைந்து, என்றும் சொல்வார்கள். நாம் அ, ஆ என்பதுபோல அவர்கள் தொடங்குவது ‘ஊடா, ஐடா’. ஷாமுகி என்பது உருது எழுதும் பாரசீக-அரபு எழுத்து முறைதான், பஞ்சாபிக்குத் தக்கபடி.

இதனால் வரும் கூத்து: லாகூர்க்காரரும் அமிர்தசரஸ்காரரும் போனில் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசலாம். இரண்டு ஊருக்கும் இடையில் ஐம்பது கிலோமீட்டர்தான், வழக்கும் ஒன்றே, ‘மாஜி’. அப்புறம் ஒருவர் மற்றவருக்கு ஒரு கடிதம் எழுதினால் படிக்க ஆள் தேட வேண்டும்.

எழுத்து எப்போதும் மதத்தோடு ஒட்டியும் இருக்கவில்லை. 1947-க்கு முன்னால் பஞ்சாபில் பள்ளிக்கூடமும் கோர்ட்டுக் கச்சேரியும் உருதுவில்தான். மன்மோகன் சிங் பிறந்த காஹ் கிராமம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அவர் இந்தியில் பேச வேண்டிய உரைகளை உருது எழுத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தார். அந்தத் தலைமுறைச் சர்தார்கள் பலர் குர்முகியைப் பாராயணத்துக்கும், உருதுவை உலகத்துக்கும் வைத்திருந்தார்கள்.

பாகிஸ்தானின் பஞ்சாபில் இன்றும் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது. அதிகம் பேர் பேசும் இடத்தில் குறைவாக எழுதப்படும் மொழி.

குரு கிரந்த் சாஹிப் முழுக்கப் பஞ்சாபியா?

எழுத்து முழுக்க குர்முகி. மொழி அப்படி இல்லை. 1604-ல் ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்தபோதே வட இந்தியத் துறவிகளின் பொதுமொழி, பிரஜ், பாரசீகச் சொற்கள், மேற்குப் பஞ்சாபி எல்லாம் கலந்து வந்தன. காசியின் கபீரும் ரவிதாஸும், மராத்தி நாட்டு நாமதேவரும் அதில் இருக்கிறார்கள். இன்று அச்சில் 1430 பக்கம், எந்தப் பதிப்பிலும் அதே பக்க எண். எனவே லூதியானாக்காரர் ஒருவர் அதைத் திறந்தால் எல்லாம் புரியும் என்று நினைக்க வேண்டாம். நாம் தேவாரம் படிப்பதுபோல, பாதி புரியும், மீதியைக் காது தாங்கிக்கொள்ளும்.

மொழிக்காகத்தானே பஞ்சாப் மாநிலம் பிரிந்தது?

மொழி என்று சொல்லி. நம் பக்கத்து மாநிலங்கள் 1956-ல் மொழிவாரியாக அமைந்தபோது பஞ்சாபுக்கு அது கிடைக்கவில்லை. மாநிலச் சீரமைப்பு ஆணையம் ‘பஞ்சாபி சுபா’, அதாவது பஞ்சாபி மொழி மாநிலம், என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. சீக்கியர் கட்சியான அகாலி தளம், அதன் தலைவர்கள் மாஸ்டர் தாரா சிங், பிறகு சந்த் ஃபதே சிங் என்று போராட்டம் நீண்டது. மொழியின் பெயரால் சீக்கியப் பெரும்பான்மை மாநிலம் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் எதிர்த் தரப்புக்கு. அதனால் 1951, 1961 கணக்கெடுப்புகளில் பஞ்சாபி இந்துக்கள் தாய்மொழி இந்தி என்று எழுதச் சொல்லிப் பிரச்சாரம் நடந்தது. பலர் அப்படியே எழுதினார்கள். எழுத வந்தவரிடம் “மேரி மாத்ருபாஷா ஹிந்தி” என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பிப் பெண்டாட்டியிடம் பஞ்சாபியில் டீ கேட்ட மாமாவைப் பற்றி ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

1966 நவம்பர் 1-ல் ஹரியாணா பிரிந்தது, மலைப் பகுதிகள் இமாசலத்துக்குப் போயின, சண்டிகர் இருவருக்கும் பொதுவாகி இன்றுவரை இழுபறி. பஞ்சாபி பேசுவது சீக்கியரின் அடையாளம் என்று வெளியில் இருக்கும் நமக்குத் தோன்றுவதற்கு அந்தக் கணக்கெடுப்புப் படிவத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஒரு பஞ்சாபியின் பூர்வீகத்தை எப்படித் தெரிந்துகொள்வது? பெயரை வைத்துச் சொல்ல முடியுமா?

பெயரில் ஒளிந்திருப்பது ‘கோத்’, நம் கோத்திரம் போல. சித்து, சந்து, கில், தில்லான், கிரேவால் எல்லாம் ஜாட் கோத்கள். பேதி, சோடி கத்ரி கோத்கள். குரு நானக் பேதி, நான்காம் குருவில் இருந்து பத்தாம் குருவரை சோடி. இந்தக் கோத்கள் மதத்தைக் கேட்டு வருவதில்லை. பாஜ்வா என்ற பெயரில் பஞ்சாப் அரசியலில் சீக்கியர் இருக்கிறார்கள், பாகிஸ்தான் ராணுவத் தளபதியாக இருந்தவரும் பாஜ்வாதான். கில் என்ற பெயரில் சீக்கியர், முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் உண்டு.

சிலர் கோத்தை விட்டுவிட்டு ஊர்ப்பெயரைப் போட்டுக்கொள்வார்கள். பிரகாஷ் சிங் பாதல் கோத்தால் தில்லான், பாதல் அவர் ஊர். கைரோன், லோங்கோவால், தோஹ்ரா எல்லாம் ஊர்கள். ஊர்ப்பெயரை முன்னால் வைத்துப் பழகிய நமக்கு இது உடனே புரியும்.

கல்யாணத்தில்தான் கோத் வேலை செய்யும். அப்பாவின் கோத், அம்மாவின் கோத், இரண்டு பாட்டிகளின் கோத், நான்கையும் விட்டுப் பெண் எடுப்பதுதான் பழைய வழக்கம். எங்கள் பக்கம் மாமன் மகளைக் கட்டுவோம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பீஜி காதில் கைவைத்துக்கொண்டு “வாஹேகுரு, வாஹேகுரு” என்றார். ஒரு வாரம் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

சரி, ஏட்டுக்கு வருவோம். நிலம் இருந்த குடும்பத்துக்கு ‘ஷஜ்ரா நசப்’ என்ற வம்சப் பட்டியல் உண்டு. பட்வாரியிடம் இருக்கும். பட்வாரி என்றால் நம் பழைய கணக்குப்பிள்ளை, இன்றைய விஏஓ. ஆங்கிலேயர் நிலவரித் திட்டத்தில் ஊரின் ஒவ்வொரு நிலக்காரக் குடும்பத்துக்கும் மரம் மாதிரி வரைந்து வைத்தார்கள், ஜமாபந்தி புதுப்பிக்கும்போது அதையும் புதுப்பித்தார்கள். அங்கே ஜமாபந்தி என்றால் உரிமைப் பதிவேடு, நம் ஊர்த் தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் நடக்கும் ஜமாபந்தி வேறு.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு பாகப் பிரச்சினைக்காகத் தன் அம்மாவின் பிறந்த வீட்டு ஷஜ்ராவின் நகலை வாங்கி வந்தார். மேசையில் விரித்தார். எல்லாம் உருது. அவருக்கு குர்முகி தெரியும், இந்தி தெரியும், ஆங்கிலம் தெரியும். தன் சொந்தத் தாத்தாவின் தாத்தா பெயரை வாசிக்கத் தெரியாது. கடைசியில் பீஜியைக் கூப்பிட்டார்கள். 1947-க்கு முன் இரண்டு வருஷம் உருதுப் பள்ளிக்கூடம் போன அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டி வாசித்தார். ஓரிடத்தில் நின்று, “என் அப்பாவின் சித்தப்பா” என்றார். அந்தப் பெயருக்குக் கீழே கிளை இல்லை. ஒரே ஒரு சொல்: ‘லாவல்த்’. பிள்ளை இல்லாதவர் என்று அர்த்தம். “அவருக்கு மூன்று பெண்கள்,” என்றார் பீஜி, “ஒருத்தி என்னைத் தூக்கி வளர்த்தவள்.”

அந்தப் பட்டியலில் பெண்கள் இல்லை. நிலம் இல்லாதவர்களும் இல்லை.

நிலம் இல்லாதவர் தேட வேண்டிய இடம் ஹரித்வார். அங்கே பண்டாக்கள், அதாவது தீர்த்தப் புரோகிதர்கள், ஊர்வாரியாக, சாதிவாரியாக நீளமான ‘வஹி’ ஏடுகளில் வந்தவர் பெயரையும் வந்த காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அஸ்தி கரைக்கப் போன சீக்கியக் குடும்பங்களும் அதில் உண்டு. பின்னால் பல சீக்கியர் அஸ்தியைச் சட்லெஜ் கரையில் கீரத்பூர் சாஹிபுக்குக் கொண்டுபோகத் தொடங்கியதும் அந்த ஏடுகள் அவர்களைப் பொறுத்தவரை அங்கேயே நின்றுவிட்டன.

பீஜியின் குடும்பம் எந்த ஊர்?

இதைக் கேட்டது என் மனைவி. பஞ்சாபில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி “பிண்ட் கிஹ்டா?”, எந்தக் கிராமம்? பதில் நகரமாக இருந்தால் அடுத்த கேள்வி தயார்: “பிச்சோங் கித்தோங்?” பின்னால் எங்கே? இப்போது இருக்கும் ஊரை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

பீஜி சொல்லும் பதில் “லாயல்பூர்”. இன்றைய ஃபைசலாபாத். ஆனால் அவர் தாத்தாவின் ஊர் லூதியானா மாவட்டம். நடுவில் நடந்தது கால்வாய். செனாப் ஆற்றில் இருந்து கால்வாய் வெட்டி, ‘பார்’ என்று சொல்லும் வறண்ட புதர்க்காட்டை ஆங்கில அரசு 1890-களில் வயலாக்கியது. லூதியானா, ஜலந்தர், ஹோஷியார்பூர், அமிர்தசரஸ் பக்கத்து விவசாயிகளைக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. ஊருக்குப் பெயர்கூட வைக்கவில்லை, நம்பர்தான். பகத் சிங் பிறந்தது அப்படி ஒரு நம்பர் ஊரில், லாயல்பூர் மாவட்டம் சக் 105. குடும்பத்தின் பூர்வீகம் ஜலந்தர் பக்கத்து கட்கர் கலான்.

ஐம்பது வருஷம் கழித்து 1947 ஆகஸ்ட் 17-ல் இந்தியா–பாகிஸ்தான் எல்லையான ராட்கிளிஃப் கோடு வெளியானது. அந்த வயல்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்துக்களும் சீக்கியர்களும் மேற்கில் விட்டு வந்த நிலம் சுமார் 27 லட்சம் ஹெக்டேர். கிழக்கில் முஸ்லிம்கள் விட்டுப்போனது 19 லட்சம். அதனால் வந்தவர்களுக்குத் தர வாரியாக வெட்டுப் போட்டுத்தான் நிலம் கொடுத்தார்கள். பதினோரு வயதில் மாட்டு வண்டியில் வந்த பீஜி இறங்கியது தாத்தாவின் பழைய மாவட்டத்திலேயே. ஆனால் ஊர்க்காரர்கள் அவர்களைக் கூப்பிட்டது ‘பார் வாலே’. இன்னும் கோபம் வந்தால் ‘ரஃப்யூஜி’. பூர்வீகத்துக்குத் திரும்பி வந்து அகதியானார்கள்.

சீக்கியத்தில் சாதி இல்லை என்கிறார்களே?

குருக்கள் மறுத்தார்கள். லங்கரில், அதாவது குருத்வாராவின் பொதுப் பந்தியில், எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம், அதில் கலப்படம் கிடையாது. வெளியே வந்தால் கதை வேறு. பஞ்சாபில் தலித் மக்கள் 31.9 விழுக்காடு (2011), இந்திய மாநிலங்களிலேயே அதிகம். அவர்களிடம் இருக்கும் நிலம் மிகக் குறைவு. 1900-ஆம் வருஷத்து நில உரிமை மாற்றச் சட்டம் ‘விவசாயச் சாதி’ என்று பட்டியல் போட்டு, பட்டியலில் இல்லாதவர் நிலம் வாங்குவதைத் தடுத்தது. மேலே சொன்ன ஷஜ்ராவில் ஏன் பாதி ஊர் இல்லை என்பதற்கு அதுவும் காரணம். பல கிராமங்களில் ஜாட் குருத்வாரா தனி, தலித்களான மஜ்பி சீக்கியர் குருத்வாரா தனி. ரவிதாஸைக் குருவாகக் கொண்ட தலித் பிரிவு ரவிதாசியர்; 2009-ல் வியன்னாவில் ரவிதாசியத் துறவி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, 2010-ல் ரவிதாசியர்களில் ஒரு பகுதியினர் தனி மதம் என்றே அறிவித்துக்கொண்டார்கள்.

ஏன் இவ்வளவு பேர் வெளிநாடு போனார்கள்?

ஒரே காரணம் இல்லை. முதலில் பட்டாளம், அப்புறம் ஹாங்காங், மலாயா போலீஸ். 1896–1901-ல் உகாண்டா ரயில் பாதை போட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் போனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். தச்சு, கொல்லு வேலை தெரிந்த ராம்கடியா சீக்கியர் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே தங்கினார்கள். 1972-ல் இடி அமீன் துரத்தியபோது உகாண்டாவில் இருந்தவர்களில் பலர் பிரிட்டன் போனார்கள். லண்டனில் பஞ்சாபி பேசும் சிலருக்கு ‘பின்னால் எங்கே’ என்று கேட்டால் கம்பாலா என்று பதில் வருவது அதனால்தான்.

கனடாவில் 1908-ல் ஒரு விதி: சொந்த நாட்டில் இருந்து இடையில் நிற்காமல் வந்தால்தான் இறங்கலாம். இந்தியாவில் இருந்து அப்படிக் கப்பலே கிடையாது. 1914-ல் கோமகதா மாரு கப்பலில் 376 பேர் வான்கூவர் போனார்கள். பெரும்பாலும் சீக்கியர், கூடவே பஞ்சாபி முஸ்லிம்களும் இந்துக்களும். இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்தி, இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்களைத் தவிர மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2016-ல் கனடாப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கலிஃபோர்னியாவில் ஊரில் இருந்து பெண்ணை அழைத்துவர முடியாத பஞ்சாபி விவசாயிகள் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவின் கோத், அம்மாவின் ஸ்பானிஷ்.

இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியின் மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் பஞ்சாபிகள். பார்மேசான் சீஸுக்குப் பால் கறக்கும் கை பல இடங்களில் அவர்களுடையது.

பின்பக்கமும் பார்க்க வேண்டும். ஜலந்தர் பக்கம் தல்ஹன் குருத்வாராவில் விசா வேண்டிப் பொம்மை விமானம் காணிக்கை வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறக்கியவர்களிலும் பஞ்சாபிப் பையன்கள் இருந்தார்கள்.

சீக்கியர் ஒரு மதமா, ஓர் இனமா?

இந்தியாவில் யாரைக் கேட்டாலும் மதம். இங்கிலாந்துச் சட்டத்தைக் கேட்டால் இரண்டும். பர்மிங்ஹாமில் ஒரு பள்ளி, தலைப்பாகையை எடுத்து முடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்று ஒரு சீக்கியப் பையனைத் திருப்பி அனுப்பியது. அன்றைய சட்டம் இனப் பாகுபாட்டைத் தடுத்தது, மதப் பாகுபாட்டை இல்லை. எனவே பையன் தரப்பு, சீக்கியர் ஓர் இனக்குழு என்று நிறுவ வேண்டியிருந்தது. மாண்ட்லா வழக்கு என்பார்கள். 1983-ல் பிரபுக்கள் சபை பையன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீண்ட பொது வரலாறும் தனிப் பண்பாடும் கட்டாயம், பொதுவான பூர்வீகம், மொழி, இலக்கியம், மதம் இவையும் கணக்கில் வரும் என்று அளவுகோல் வைத்தது.

தேவைக்கு வந்த தீர்ப்பு, வேறு வழி இல்லை. ஆனால் அந்த அளவுகோலில் தூத்துக்குடியில் பிறந்து தலைப்பாகை கட்டிய ஒருவரையும் பர்கோலாக்காரரையும் எங்கே வைப்பது என்று நான் யோசித்திருக்கிறேன். 2021 இங்கிலாந்து–வேல்ஸ் கணக்கெடுப்பில் சீக்கியர் சுமார் 5.24 லட்சம். அவர்களில் ஒரு லட்சத்தை ஒட்டியவர்கள் இனம் என்ற இடத்திலும் கைப்பட ‘சீக்கியர்’ என்று எழுதினார்கள். அதற்குத் தனிக் கட்டம் வேண்டுமா என்று அங்கே சீக்கியர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது.

டிஎன்ஏ சோதனை செய்தால் சீக்கியப் பூர்வீகம் தெரியுமா?

தெரியாது. ஐந்நூற்றுச் சொச்சம் வருஷத்து மதம் ரத்தத்தில் எழுதியிருக்காது. பக்கத்து ஊர் முஸ்லிம் ஜாட்டுக்கும் சீக்கிய ஜாட்டுக்கும் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா ஒருவராகவே இருக்கலாம். ஜாட்கள் மத்திய ஆசியாவில் இருந்து வந்த சகர் வழி வந்தவர்கள் என்ற கதை ஆங்கிலேய அதிகாரிகள் காலத்தில் பரவியது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க ‘போர்க் குலம்’ என்று முத்திரை குத்தியதும் அதே காலம்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பஞ்சாபி பேசுகிறார்களா? வெளியாள் பஞ்சாபி ஆக முடியுமா?

கனடாவில் 2021 கணக்குப்படி வீட்டில் பெரும்பாலும் பஞ்சாபியே பேசுவோர் 5 லட்சத்துக்கு மேல். இங்கிலாந்தில் மூன்றாம் தலைமுறை பேசத் திணறுகிறது. குருத்வாராக்களில் ஞாயிற்றுக்கிழமை குர்முகி வகுப்பு நடக்கிறது. பெரிய திரையில் பாடலை குர்முகியிலும் ஆங்கில எழுத்திலும், கீழே ஆங்கிலப் பொருளோடும் ஓட்டுகிறார்கள். வீட்டுக்காரரின் கனடா (பிரம்டன்) பேத்தி அப்படித்தான் பாடக் கற்றாள். பீஜியோடு வீடியோவில் பேசும்போது “ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி” தாண்டி வராது.

அதே வீட்டின் பின்கட்டில் பிகாரில் இருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். ஒன்பது வயது மகள் அரசுப் பள்ளியில் படித்தாள், அங்கே பஞ்சாபி கட்டாயம். எனக்கு ஊடா, ஐடா கற்றுக்கொடுத்தவள் அவள்தான். நான் ளகரத்துக்குப் புள்ளி வைக்க மறந்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு மாலை பீஜி கட்டிலில் உட்கார்ந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்கு வந்த உறவுக்கார அம்மாள், பீஜியோடு வாயாடிக்கொண்டிருந்த இந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்டு, “குடியே, பிச்சோங் கித்தோங்?” என்று கேட்டார். பெண் “லூதியானா” என்றாள். உள்ளே இருந்து அவள் அப்பா “தர்பங்கா” என்று குரல் கொடுத்தார். பீஜி தலையை நிமிர்த்தவில்லை.

“ரெண்டும் சரிதான். கீரையை எடு,” என்றார்.